வாய்விட்டுச் சிரிக்கும் தமிழ்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)

     

ஆண்டு விழா மேடையில் அறத்தைப் பேசுவதும் வீரத்தைப் பேசுவதும் நம்மவர் வழக்கம். சங்கப் பாடல்களின் காதலையும், சிலம்பு காட்டும் நீதியையும், கம்பனின் கவிநயத்தையும் இத்தகைய மேடைகளிலே பல முறை கேட்டு மகிழ்ந்திருக்கிறோம். இன்று அவற்றையெல்லாம் ஒருபுறம் வைத்துவிட்டுச் சிரிப்பைப் பற்றிப் பேச எண்ணியுள்ளோம். அதிலும் புன்னகையைப் பற்றி அன்று. வயிறு குலுங்க, விலா நோக, கண்ணில் நீர் வரச் சிரிக்கின்ற பெருஞ்சிரிப்பைப் பற்றியும், அதனைக் குறிக்கத் தமிழ் மக்கள் வழங்கும் சொற்களைப் பற்றியுமே பேசப் போகிறோம். சிரிப்பைப் பற்றிப் பேசுவோர் சிரிக்கவும் வைப்பர் என்று யாரும் எதிர்பார்க்க வேண்டா. சமையற் குறிப்பு எழுதுவோர் எல்லாரும் பந்தியும் பரிமாற வேண்டும் என்று நாம் கேட்பதில்லையன்றோ?

இப்பொருளை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. பிறந்த மண்ணை விட்டு வேறு மொழி வழங்கும் ஊரிலே குடியேறிய மக்களிடம் தாய்மொழியின் எப்பகுதி முதலில் உதிர்கின்றது? இலக்கியச் சொற்கள் என்று பலர் எண்ணக்கூடும். உண்மை அதுவன்று. நூலில் உள்ள சொல் நூலிலே பத்திரமாக இருக்கும். தேடுவோர் என்றேனும் எடுத்துக்கொள்வர். வாயிலே மட்டும் வாழும் சொற்களுக்குத்தான் அந்தக் காவல் இல்லை. தாய் வாயிலிருந்து பிள்ளை வாய்க்கு ஒரு தலைமுறை செல்லாது போனால், அவை போனவையே. பெருஞ்சிரிப்பைக் குறிக்கும் சொற்கள் பெரும்பாலும் இவ்வாறு வாயில் வாழ்வன. ஆகவே அவற்றை ஈண்டு எண்ணிப் பார்ப்பது வெறும் பொழுதுபோக்கு அன்று.

நகையும் சிரிப்பும்

முதற்கண் ‘நகை’ என்னும் சொல்லைக் காண்போம். ‘நகு’ என்பது பழந்தமிழில் சிரித்தலைக் குறிக்கும் பெருவழக்கான வினை. அதிலிருந்தே நகை பிறந்தது. நகை என்பது சிரிப்பு. சிரிக்கும்போது ஒளிரும் பல்லும் நகை. ஒளிர்கின்ற அணிகலனும் நகை. இம்மூன்றிற்கும் பொதுவாக நிற்பது ஒளி. முறுவல் என்னும் சொல்லும் பல்லையும் புன்சிரிப்பையும் ஒருங்கே குறிக்கும். மூரல் என்பதோ பல், புன்சிரிப்பு என்னும் இரண்டோடு சோற்றையும் குறிக்கும். வெண்சோற்றைக் கண்டவுடன் வெண்பல் தோன்றுவது பசித்தவன் முகத்தில் இயல்பே என்று நாம் வேடிக்கையாகப் பொருத்திக்கொள்ளலாம்.

நகு என்னும் இவ்வினை இன்று தமிழ்ப் பேச்சில் அருகிவிட்டது. புன்னகையிலும், நகைச்சுவையிலும், நகையாடுதலிலும் அதன் வேரைக் காண்கிறோமேயன்றி, “அவன் நக்கான்” என்று வீட்டில் யாரும் சொல்வதில்லை. ஆனால் மாதுங்காவில் நமக்கு அண்டை வீட்டாராகிய கன்னடர் இன்றும் ‘நகு’ என்றே சிரிக்கின்றனர். தெலுங்கர் ‘நவ்வு’ என்கின்றனர். மலையாளிகளோ நம்மைப் போலச் ‘சிரி’ என்கின்றனர். ஒரே மாடிப்படியில் ஏறி இறங்கும் நான்கு குடும்பங்களின் சிரிப்பிலே பழைய உறவு ஒன்று ஒலித்துக்கொண்டிருக்கிறது.

மெல்லிய சிரிப்புக்கு நூல்வழக்கில் சொற்பஞ்சம் இல்லை. புன்னகை, குறுநகை, இளநகை, முகிழ்நகை, புன்முறுவல், மூரல் என்று அடுக்கிக்கொண்டே போகலாம். மொட்டுக்குள் அடங்கிய மணம்போலத் தலைவியின் அரும்பும் சிரிப்புக்குள் ஒரு குறிப்பு அடங்கியிருக்கிறது என்று வள்ளுவர் காமத்துப்பாலில் நுட்பமாகக் காட்டுகின்றார். ஆனால் அம்மொட்டு வெடித்துச் சிதறினால் அதற்கு என்ன பெயர்? அங்கேதான் நூல்வழக்குத் தயங்குகிறது. மக்கள் வழக்குத் தொடங்குகிறது.

இலக்கணம் வகுத்த சிரிப்பு

தொல்காப்பியர் மெய்ப்பாடுகள் எட்டு என்றார். அவற்றுள் முதலில் வைத்தது நகையை. அழுகை அடுத்தே வருகின்றது. அந்நகை பிறக்கும் நிலைக்களன் நான்கு என்றும் அவர் வகுத்தார். எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்பன அவை. இவற்றுக்கு உரை கண்ட பேராசிரியர் தரும் விளக்கம் இன்றைய நகைச்சுவை மேடைக்கும் பொருந்துவதாம்.

எள்ளல் என்பது நாம் பிறரை எள்ளிச் சிரிப்பது மட்டும் அன்று. பிறர் நம்மை எள்ளியபோது நாமே சிரிப்பதும் எள்ளலில் அடங்கும் என்கிறார் அவர். இதனை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னர் வேண்டியிருக்கும். பேதைமை என்பது அறியாமை. மடன் என்பதோ அதனின் வேறு. பிறர் கற்பித்ததைப் பற்றிக்கொண்டு, பற்றியதை விடாதிருத்தல் அது. “கடைக்குப் போய் உப்பு இருக்கிறதா என்று பார்த்து வா” என்றால், பார்த்துவிட்டு வெறுங்கையோடு திரும்பி வந்து “இருக்கிறது” என்று சொல்கின்றவனிடம் உள்ளது மடன். சொன்னதைச் சொன்னவாறே செய்து எசமானைத் திணற அடிக்கும் வேலைக்காரப் பாத்திரம் உலக நாடகமெங்கும் உண்டு. அப்பாத்திரத்தின் இலக்கணத்தை நம் முன்னோர் ஒரே சொல்லில் அடக்கிவிட்டனர்.

அளவு பற்றியும் பகுத்தனர். முறுவலித்தல், அளவாகச் சிரித்தல், பெருகச் சிரித்தல் என நகை மூன்று வகைப்படும் என்பர் பேராசிரியர். வடமொழியில் பரதரின் நாட்டிய சாத்திரம் ஆறாகப் பிரித்தது. ஸ்மிதம், ஹசிதம், விஹசிதம், உபஹசிதம், அபஹசிதம், அதிஹசிதம் என்பன அவை. பல் தெரியாத மென்சிரிப்பில் தொடங்கி, கண்ணீர் மல்க இரு கைகளாலும் விலாவைப் பற்றிக்கொண்டு சிரிக்கும் பெருஞ்சிரிப்பில் அவ்வரிசை முடிகின்றது. ஆனால் அந்நூல் அத்துடன் நிற்கவில்லை. முதல் இரண்டும் உயர்ந்தோர்க்கு, இடை இரண்டும் நடுவோர்க்கு, கடை இரண்டும் தாழ்ந்தோர்க்கு என்று பங்கிட்டும் வைத்தது. அஃதாவது, மெல்லச் சிரிப்பவன் மேலோன். வாய்விட்டுச் சிரிப்பவன் கீழோன்.

நாடகத்துக்குத் தமிழிலும் பழைய இலக்கண நூல்கள் இருந்தன. அவற்றுள் ஒன்றன் பெயரே ‘முறுவல்’ என்பதாம். சிலப்பதிகார உரையில் அடியார்க்குநல்லார் அதனைக் குறிப்பிடுகின்றார். நூல் இறந்துவிட்டது, பெயர் மட்டும் எஞ்சியது. கூத்துக்கு இலக்கணம் சொன்ன நூல் முறுவல் என்னும் பெயர் தாங்கியிருந்தது என்பதை எண்ணும்போது, இழந்ததன் அருமை நெஞ்சைத் தொடுகின்றது.

பெருஞ்சிரிப்பு நம் பெருநூல்களில் இல்லையா என்று கேட்கலாம். இருக்கிறது. முப்புரத்தைச் சிரித்தே எரித்த சிவபெருமானின் சிரிப்பு பெருஞ்சிரிப்பு. இரணியன் தூணை அறைந்தபோது எழுந்த நரசிங்கத்தின் சிரிப்பைத் திசைகளும் அண்டமும் பிளக்கக் கம்பர் காட்டுகின்றார். பரணி நூல்களிலே பேய்கள் ஆரவாரித்து நகைக்கின்றன. பெருஞ்சிரிப்பைத் தெய்வத்துக்கும் பேய்க்கும் வழங்கிவிட்டு, மனிதர்க்குப் பெரும்பாலும் புன்னகையையே புலவர்கள் ஒதுக்கினர் எனலாம். பிற்காலத்துப் பள்ளு நூல்களில் மூத்த பள்ளியும் இளைய பள்ளியும் ஒருவரை ஒருவர் ஏசும் இடத்தில்தான் வயல் மண்ணின் சிரிப்பு ஏட்டிலே ஏறியது.

ஒலியும் உடம்பும்

புலவர் ஒதுக்கியதை மக்கள் ஒதுக்கவில்லை. பெருஞ்சிரிப்புக்கு அவர்கள் படைத்த சொற்களை இரு கூறாகப் பிரித்துப் பார்க்கலாம். ஒன்று, ஒலியால் அமைந்தவை. மற்றொன்று, உடம்பால் அமைந்தவை.

ஒலியால் அமைந்தவற்றை முதலில் காண்போம். கலகலவென்று சிரித்தாள், களுக்கென்று சிரித்தான், குபீரென்று சிரித்தனர், கொல்லென்று சிரித்தது கூட்டம், கடகடவென்று சிரித்தார் பெரியவர். இவை ஒன்றுக்கொன்று மாற்றி வைக்கத் தக்கவை அல்ல. ‘கொல்’ என்பது கூட்டத்தின் சிரிப்பு. ஒருவன் தனியாக இருந்துகொண்டு கொல்லென்று சிரிக்க இயலாது. அவ்வாறு எழுதினால் தமிழறிந்தார் அவ்வெழுத்தைக் கண்டே கொல்லென்று சிரிப்பர். ‘களுக்’ என்பது அடக்க முயன்று தோற்ற சிரிப்பு. வகுப்பறையிலும், பஜனை மடத்திலும், பெண் பார்க்கும் கூடத்தின் கதவுக்குப் பின்னாலும் பிறப்பது. ‘குபீர்’ என்பது எதிர்பாராமல் பொங்குவது. கிணற்றில் ஊற்றுத் திறந்தாலும் குபீர் என்போம், தீப் பற்றினாலும் குபீர் என்போம். ‘கலகல’ என்பதில் வெள்ளிச் சலங்கையின் ஒலி இருக்கிறது. கலகலப்பு என்று அது வீட்டின் மகிழ்ச்சிக்கே பெயராகிவிட்டது.

‘என’ என்னும் இடைச்சொல் வினை, குறிப்பு, இசை முதலிய ஆறு பொருளில் வரும் என்று தொல்காப்பியர் விதி செய்துள்ளார். ‘கொல்லென’ என்பதில் உள்ள ‘என’ இசைப்பொருளது. கலகல போன்ற இரட்டைக்கிளவி பிரிந்து இசையாது என்றும் விதித்தார். ஆகவே இச்சொற்கள் இலக்கணத்துக்குப் புறம்பானவை என்று யாரும் இகழ்தற்கில்லை. மக்கள் வாயில் பிறந்தவற்றுக்கும் இலக்கணம் இடம் வைத்திருக்கிறது.

இனி உடம்பால் அமைந்தவை. வாய்விட்டுச் சிரித்தல், வயிறு குலுங்கச் சிரித்தல், வயிறு புண்ணாகச் சிரித்தல், விலா நோகச் சிரித்தல், கண்ணில் நீர் வரச் சிரித்தல், புரையேறச் சிரித்தல், குலுங்கிக் குலுங்கிச் சிரித்தல், விழுந்து விழுந்து சிரித்தல், உருண்டு புரண்டு சிரித்தல். இவற்றை வரிசையாகச் சொல்லும்போதே உடம்பு முழுவதும் சிரிப்பு இறங்கி வருவதைக் காணலாம். வாயில் தொடங்கி, கண்ணை நனைத்து, விலாவைத் தாக்கி, வயிற்றைக் கலக்கி, ஈற்றில் ஆளையே தரையில் வீழ்த்துகின்றது.

இவற்றுள் வயிறு தலைமை வகிக்கின்றது. அச்சம் வந்தால் நமக்கு வயிற்றில் புளியைக் கரைக்கிறது. நல்ல செய்தி வந்தால் வயிற்றில் பால் வார்த்தது போல் இருக்கிறது. பொறாமை வந்தால் வயிறு எரிகிறது. உணர்ச்சியின் உறைவிடமாகத் தமிழர் நெஞ்சைப் போலவே வயிற்றையும் கொண்டனர். சிரிப்பு வயிறு வரை சென்றால்தான் அது மெய்யான சிரிப்பு என்பது அவர்கள் கணிப்பு. பல்லளவில் நின்றுவிடும் சிரிப்புக்கு அவர்கள் வைத்த பெயர் வேறு: ‘பல்லிளித்தல்’.

மற்றொன்றும் கருதத் தக்கது. வாய்விட்டு என்னும் அடை அழுகைக்கும் உரியது; குலுங்கிக் குலுங்கி அழுவதும் உண்டு; கண்ணீர் இரண்டுக்கும் பொது. விழுந்து விழுந்து என்பதோ சிரிப்புக்கும் விருந்தோம்பலுக்கும் பொது. தன்னை மறந்த நிலை எதுவாயினும், அங்கே ஒரே சொல்லைத் தமிழர் பயன்படுத்தினர். தன்னை மறவாதவன் வாய்விட்டுச் சிரிப்பதில்லை. தன்னை மறவாதவன் விருந்தினரை விழுந்து விழுந்து உபசரிப்பதும் இல்லை.

சிரிப்பென்ற பெயரில் வருவன

சிரிப்பு என்று பெயர் தாங்கியும் சிரிப்பல்லாதவை சில உள. “சந்தி சிரிக்கிறது” என்றால் நாற்சந்தியில் விழா நடக்கிறது என்று பொருள் அன்று. ஒருவர் மானம் போயிற்று என்பது பொருள். “ஊர் சிரிக்கும்”, “சிரிப்பாய்ச் சிரித்துவிட்டது” என்பனவும் அத்தன்மையனவே. கைகொட்டிச் சிரித்தல், கெக்கலி கொட்டுதல், எள்ளி நகையாடுதல் என்பவற்றில் ஒலி பெரிது, உள்ளம் சிறிது. அகராதியை மட்டும் நம்பித் தமிழ் கற்ற பிள்ளை, சந்தி சிரித்தது என்று கேட்டுத் தானும் மகிழ்ந்து சிரித்தால், அப்பிள்ளையைக் குற்றம் சொல்வதற்கில்லை. சொல்லிக் கொடாத நம்மையே சொல்ல வேண்டும்.

பொருள் மாறிய சொற்களும் உண்டு. அட்டகாசம் என்பது வடமொழியில் பெருஞ்சிரிப்பு. தமிழில் அது முதலில் அடாவடியைக் குறிக்கலாயிற்று; இன்றைய இளைஞர் வாயில் ‘மிகச் சிறப்பு’ என்னும் பொருளைப் பெற்றுவிட்டது. “சாப்பாடு அட்டகாசம்” என்று நாம் சொல்லும்போது, அச்சொல்லுக்குள் ஒரு கடவுளின் சிரிப்பு உறங்குவதை நினைப்பதில்லை. விகடம் என்பதும் வடமொழியில் கோரத்தையும் கோணலையும் குறித்த சொல்லே. தமிழில் கோணல் நீங்கி வேடிக்கை நின்றது. விகடகவி என்பதைத் திருப்பிப் படித்தாலும் விகடகவியே. 1926-இல் தொடங்கிய ஆனந்த விகடன் அச்சொல்லை வீடுதோறும் கொண்டு சேர்த்தது.

இன்னொரு தடையையும் ஈண்டுச் சொல்லியாக வேண்டும். “பொம்பளை சிரிச்சாப் போச்சு, புகையிலை விரிச்சாப் போச்சு” என்று ஒரு பழமொழி நம்மிடையே வழங்கிற்று. பரதர் வகுத்த உயர்வு தாழ்வு ஒருபுறம். வீட்டுத் திண்ணை வகுத்த இவ்வேலி மறுபுறம். கடகடவென்று சிரிக்கும் உரிமை தாத்தாவுக்கு; களுக்கென்று சிரித்து முந்தானையால் வாயை மூடும் கடமை பாட்டிக்கு. ஆயினும் அடுக்களையிலும், நாற்று நடும் வயலிலும், ஆற்றங்கரையிலும் பெண்கள் சிரித்த சிரிப்பே இச்சொற்களுள் பலவற்றை இந்நாள் வரை காத்துக் கொடுத்தது என்று நாம் நம்புகிறோம். நெல்லைச் சீமையில் ‘சிரிப்பாணி’ என்று ஓர் அழகிய சொல் உண்டு. “சிரிப்பாணி பொத்துக்கிட்டு வந்தது” என்பார்கள். அச்சீமையிலிருந்து இம்மாநகருக்கு வந்து குடியேறியோர் பலர். அவர்கள் வீட்டுப் பாட்டிமாரிடம் கேளுங்கள். அச்சொல் இன்னும் உயிரோடிருக்கும்.

மேடையும் திரையும்

கூட்டமாகச் சிரிக்கும் ‘கொல்’ என்னும் சிரிப்புக்குக் களம் அமைத்தது மேடை. காஞ்சியிலே ஏழாம் நூற்றாண்டில் மகேந்திரவர்ம பல்லவன் ‘மத்தவிலாசப் பிரகசனம்’ என்னும் நாடகத்தை வடமொழியில் எழுதினான். குடித்துத் திரியும் ஒரு காபாலிகன் தன் கபாலத்தை இழந்து காஞ்சித் தெருவெல்லாம் தேடுவதும், பௌத்தத் துறவியொருவர்மேல் பழி போடுவதும், அதைக் கவ்விச் சென்றது ஒரு நாய் என்று தெரிவதும் அதன் கதை. பிரகசனம் என்னும் சொல்லிலேயே சிரிப்பு இருக்கிறது. தெருக்கூத்திலே கட்டியங்காரன் அரசனையும் கேலி செய்தான். பின்வந்த நாடக மேடை ‘பபூன்’ என்னும் ஆங்கிலச் சொல்லை எடுத்துத் தனதாக்கிக்கொண்டது.

பம்மல் சம்பந்த முதலியார் 1891-இல் சுகுண விலாச சபையைத் தோற்றுவித்தார். அவர் எழுதிய ‘சபாபதி’யில் எசமானும் சபாபதி, வேலைக்காரனும் சபாபதி. முன்னே சொன்ன மடன் என்பது அவ்வேலைக்காரன் வடிவிலே நடமாடுகின்றது. 1941-இல் அது திரைப்படமாகிக் காளி என். ரத்தினம் வேலைக்காரனாக நடித்தார். கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன் 1956-இல் வெளிவந்த ‘ராஜா ராணி’ படத்திலே சிரிப்பைப் பற்றியே பாடி, சிரிப்பின் வகைகளைச் சிரித்தே காட்டினார். பேராசிரியர் உரையில் எழுதியதைக் கலைவாணர் தொண்டையால் எழுதினார் எனலாம். அடுத்த ஆண்டிலே அவர் மறைந்தார், அச்சிரிப்பு மறையவில்லை. 1964-இல் வந்த ‘காதலிக்க நேரமில்லை’யில் நாகேஷ் கதை சொல்லப் பாலையா நடுங்குவார்; அவர் நடுங்க நடுங்க அரங்கு அதிரும். அச்சமும் நகையும் தொல்காப்பியர் பட்டியலில் தனித்தனி மெய்ப்பாடுகள். அக்காட்சியிலோ ஒருவர் அச்சமே ஓராயிரம் பேருக்கு நகையாகின்றது.

ஹாஸ்யம் என்று எழுதிய தலைமுறை ஒன்று இருந்தது. பின்னர் நகைச்சுவை என்னும் சொல் நிலைபெற்றது. இன்று பிள்ளைகள் ‘காமெடி’ என்கின்றனர். இதற்காக நாம் மனம் வெதும்ப வேண்டுவதில்லை. பபூனைச் செரித்த மொழி காமெடியையும் செரிக்கும்; செரித்தும்விட்டது. “காமெடி பண்ணாதே” என்பதற்கு ஆங்கிலத்தில் அப்பொருள் இல்லை. அது தமிழே ஆகிவிட்டது. கவலை வேறு. ஒரு சொல் வந்தது பற்றி அன்று. பத்துச் சொற்கள் போவது பற்றி.

பக்கத்து வீட்டுச் சிரிப்பு

நாம் வாழும் மராட்டிய மண்ணும் சிரிக்கத் தெரிந்த மண். மராத்தியர் ‘போட் தரூன்’ சிரிக்கின்றனர். அஃதாவது வயிற்றைப் பிடித்துக்கொண்டு. கதகதூன் சிரிக்கின்றனர், கோ கோ என்றும் சிரிக்கின்றனர். ஒலியும் உடம்பும் அங்கும் உண்டு. நகைச்சுவைக்கு அவர்கள் வழங்கும் சொல் ‘விநோத்’. நமக்கோ விநோதம் என்றால் புதுமை, வியப்பு. ஆனால் பழந்தமிழ்க் கூத்து வகைகளுள் ‘விநோதக் கூத்து’ என ஒன்று இருந்தது. மகிழ்ச்சி என்னும் பொருள் அன்று நம்மிடமும் இருந்தது. நாம் தமாஷ் என்று வேடிக்கைப் பேச்சைச் சொல்கிறோம். அவர்களுக்குத் தமாஷா என்பது ஒரு நாட்டுப்புற நாடகக் கலை. அரபு, பாரசீக வழிவந்த ஒரே சொல் இரு வீட்டிலும் வெவ்வேறு உடை உடுத்தியிருக்கின்றது. பு.ல. தேஷ்பாண்டே ‘படாட்யாச்சி சாள்’ என்னும் நூலில் மும்பைச் சாள் வாழ்க்கையை எடுத்துக்கொண்டு மராத்திய உலகத்தைச் சிரிக்க வைத்தார். ஒற்றை அறை, பொதுக் குழாய், நடைபாதைச் சண்டை ஆகியவை இந்நகருக்குப் பிழைக்க வந்த நம்மவர்க்கும் பழகிய வாழ்க்கையே. அந்நூலை நம் பிள்ளைகள் படித்துச் சிரித்தால் நாமும் மகிழ வேண்டும்.

நம்மையும் இந்நகரின் திரையுலகம் எள்ளியதுண்டு. 1968-இல் வந்த ‘படோசன்’ என்னும் இந்திப் படத்தில் மெகமூத் தென்னாட்டுப் பாட்டு வாத்தியாராக வந்து, நம் உச்சரிப்பையும் உடையையும் பெரிதாக்கிக் காட்டினார். இங்கேதான் பேராசிரியர் சொல்லை மீண்டும் நினைக்க வேண்டும். பிறரால் எள்ளப்பட்டபோது தானும் நகுதல் எள்ளலின் மறுபாதி. அதற்கு வலிமை வேண்டும். துன்பம் வந்தபோது நகுக என்று வள்ளுவர் இடுக்கண் அழியாமையில் கட்டளையிட்டதும் இவ்வலிமை நோக்கியே. பிறரோடு கலந்து மகிழ மாட்டாதவர்க்குப் பகலும் இருளே என்று பண்புடைமையில் அவர் இரங்கியதும் இதுபற்றியே. ஆனால் எள்ளலைத் தாங்கிச் சிரிப்பதற்கு நமக்கென ஒரு சிரிப்பு வீட்டில் இருக்க வேண்டும். தன் மொழியில் வாய்விட்டுச் சிரித்துப் பழகியவன் பிறர் மொழியின் கேலிக்கு அஞ்சுவதில்லை.

1995-இல் இம் மும்பையிலேதான் சிரிப்புச் சங்கம் என்னும் இயக்கம் தோன்றி உலகெங்கும் பரவியது. விடியற்காலையில் பூங்காவில் கூடிக் கைகளை உயர்த்தி ஹா ஹா, ஹோ ஹோ என்று காரணமின்றிச் சிரிக்கின்றனர். உடம்புக்கு நன்மை என்கின்றனர். “வாய்விட்டுச் சிரித்தால் நோய்விட்டுப் போகும்” என்ற நம் பழமொழியும் அதனையே சொல்கிறது. ஆயினும் காரணமற்ற சிரிப்புக்கு மொழி வேண்டா. காரணமுள்ள சிரிப்புக்கு மொழி வேண்டும். ஊரிலிருந்து பாட்டி கைப்பேசியில் ஒரு வேடிக்கை சொல்ல, அதனைத் தந்தை இந்தியில் விளக்க, பேரன் மரியாதைக்காகச் சிரிக்கும் காட்சி நம் வீடுகளில் அரிதன்று. விளக்கப்பட்ட வேடிக்கை ஆறிப்போன தோசை. சங்கத்து நாடகத்தில் அவையின் முன்பாதி கொல்லென்று சிரிக்க, பின்பாதியில் உள்ள இளையோர் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதும் உண்டு. அந்த ஒரு நொடி இடைவெளிதான் நம் கவலை. மொழியின் எழுத்தைக் கற்பதும் பொருளைக் கற்பதும் எளிது. அவையோடு ஒரே நொடியில் சிரிக்கக் கற்பதே அரிது. கைவிடின் முதலில் போவதும் அதுவே.

நாம் செய்யத் தக்கவை

ஆகவே சில வேண்டுகோள்களைச் சங்கத்தின் முன் வைக்கிறோம்.

வார இறுதியில் நம் சங்கம் நடத்தும் தமிழ் வகுப்பில் அறநூலோடு சிரிப்புச் சொற்களையும் கற்பிக்க வேண்டும். கரும்பலகையில் எழுதிப் பொருள் சொல்வதால் பயன் இல்லை. “களுக்கென்று சிரி, கலகலவென்று சிரி, எல்லாரும் சேர்ந்து கொல்லென்று சிரியுங்கள்” என்று நடிக்க விட வேண்டும். ஒரு முறை நடித்த சொல் ஆயுளுக்கும் மறவாது. வகுப்பில் இரைச்சல் மிகுமே என்று ஆசிரியர்கள் அஞ்ச வேண்டா, அவ்விரைச்சலே பாடம்.

அடுத்து, ஒவ்வொரு குடும்பமும் தம் ஊரில் சிரிப்புக்கு வழங்கும் சொற்களை எழுதித் தர வேண்டும். நெல்லை, தஞ்சை, கொங்கு, வட ஆர்க்காடு என்று பல சீமையினரும் ஒரே கூரையின் கீழ்க் கூடும் வாய்ப்பு ஊரில் இருப்போர்க்குக் கிட்டாது; வெளியூரில் வாழும் நமக்கே கிட்டியிருக்கிறது. வரும் ஆண்டு மலரில் அப்பட்டியல் இடம் பெறுமாயின், அது சிறு பணி ஆகாது.

மூன்றாவதாக, ஆண்டு விழா நாடகங்களில் நகைச்சுவைப் பாத்திரத்தைப் பெரியவர்களே எடுத்துக்கொள்ளும் வழக்கத்தை விட்டு, பிள்ளைகளுக்குக் கொடுக்க வேண்டும். கட்டியங்காரன் வேடத்தைப் பெண் பிள்ளைகளும் ஏற்க வேண்டும். அவர்கள் சொல் தடுமாறலாம். உச்சரிப்பு மராத்தி வாடை வீசலாம். அதற்காக நாம் சிரித்தால் அந்தச் சிரிப்பில் எள்ளல் கலவாதிருக்கட்டும். தொல்காப்பியர் சொன்ன இளமை என்பது மழலை கண்டு பிறக்கும் நகை; அவ்வகைச் சிரிப்பாக அஃது அமையட்டும்.

ஈற்றில் தாய்மார்களுக்கு ஒரு சொல். வாயை மூடிச் சிரிக்கும் காலம் கழிந்தது. வீட்டிலே நீங்கள் வாய்விட்டுச் சிரிப்பதைப் பிள்ளைகள் கேட்கட்டும். எதற்குச் சிரிக்கிறீர்கள் என்று கேட்டால் உடனே இந்தியிலோ ஆங்கிலத்திலோ பெயர்த்துச் சொல்லாதீர்கள். அதே வேடிக்கையைத் தமிழிலேயே மீண்டும் சொல்லுங்கள். இரண்டாம் முறை சொல்லுங்கள். மூன்றாம் முறையும் சொல்லுங்கள். மூன்றாம் முறை அப்பிள்ளை தானாகச் சிரிக்குமாயின், தமிழ் அவ்வீட்டில் இன்னும் ஒரு தலைமுறைக்கு இருக்கும் என்று நாம் உறுதியாக நம்பலாம்.